வடக்குச் சுவரில் ஒரு பொந்து

முஹர்ரக்,
3 செப்டம்பர் 1984

அன்புத் தம்பி யாகூபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நானும் உம்மாவும் சுகம். உம்மாவுக்கு முழங்கால் வலி கூடவே இருக்கிறது. உன் உடம்பு எப்படி? உன் மனைவி பிர்கிட் சுகமா? அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதா? இங்கே ஈரக்காற்று. தலையணை உறையைக் காயப்போட்டால் காயப்போட்டபடியே இருக்கிறது.

வீட்டு வரைபடங்கள் வந்து சேர்ந்தன. தபால்காரன் அந்தக் குழாயை என்னவென்று நினைத்தானோ, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். பள்ளிக்கூடத்தில் என் மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தேன். முற்றம் அழகு. சிமெண்டில் வார்த்த சல்லடை ஜன்னல்களும் அழகு. தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே எதுவும் தெரியாதபடி நுழைவழியை வளைத்திருக்கிறாய், அதற்கு உம்மா உன்னை வாயார வாழ்த்தினாள். காற்றுக் கோபுரம் பற்றி மட்டும் ஒரு சந்தேகம். அது காற்றைப் பிடிக்கும் என்கிறாய், சரி. பிடிக்காத நாளில் குளிர்சாதனப் பெட்டியை எங்கே மாட்டுவது?

முன்பாதியை இடித்தாகிவிட்டது. நாங்கள் பின்கட்டில் கீழே இரண்டு அறையிலும் மேலே மாடி அறையிலும் சட்டிபானையோடு ஒடுங்கிக்கொண்டிருக்கிறோம். ஒப்பந்தக்காரர் சல்மீன் நல்ல மனிதர், ஆனால் எதைக் கேட்டாலும் 'நாளைக்கு' என்கிறார்.

உம்மா ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னாள். சமையலறைக்குப் பின்னால், சபீகா சின்னம்மா வீட்டுக்கும் நமக்கும் பொதுவான வடக்குச் சுவரில் அந்தப் பொந்து இருக்கிறதே, குனிந்தால் ஒரு ஆள் போகலாமே, அது உன் படத்தில் எங்கே? நான் தேடித் தேடிப் பார்த்தேன். "கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாரு, அவன் மறக்க மாட்டான்" என்கிறாள்.

பிர்கிட்டுக்கு எங்கள் சலாம். நன்றாகச் சாப்பிடு.

உன் அக்கா,
லுல்வா

கோபன்ஹேகன்,
21 செப்டம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் சலாம். இங்கே இருவரும் நலம். உம்மாவின் முழங்காலுக்குப் பிர்கிட் ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அக்கா, இந்த வீட்டை நான் எவ்வளவு காலமாக மனதில் சுமந்துகொண்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. நம் ஆட்கள் இப்போது கட்டுவதெல்லாம் எங்கிருந்தோ கப்பலில் வந்து இறங்கிய பெட்டிகள். சிலபேர் அந்தப் பெட்டியின் நெற்றியில் ஒரு வளைவை ஒட்டிவிட்டு, இதுதான் நம் மரபு என்கிறார்கள். நான் ஒட்ட மாட்டேன். நம் பழைய வீடுகள் ஏன் அப்படி இருந்தன என்பதைப் புரிந்துகொண்டு, அதை இன்றைய சிமெண்டிலும் இரும்பிலும் சொல்லப் பார்க்கிறேன். கட்டடம் பொய் சொல்லக் கூடாது. எது எதைத் தாங்குகிறதோ அது வெளியே தெரிய வேண்டும்.

பொந்து இல்லை. மறக்கவில்லை, எடுத்துவிட்டேன். கோபுரத்தின் அடிப்பாகம் அந்தச் சுவரில்தான் இறங்குகிறது. அங்கே ஓட்டை இருந்தால், கோபுரம் பிடித்துத் தரும் காற்றெல்லாம் சின்னம்மா வீட்டுக்கு, அதாவது அவர் கணவர் முஹன்னாவுக்குப் போய்விடும். வாப்பா உயிரோடு இருந்தால் அந்த மனிதருக்கு இலவசக் குளிர்ச்சிக்குச் சம்மதிப்பாரா, சொல்லுங்கள்! சின்னம்மா தெரு வழியாக வரட்டும். இரண்டு வாசலுக்கும் நடுவே எத்தனை தூரம், கப்பலா ஏற வேண்டும்? வளைந்த நுழைவழியில் முதல் விருந்தாளியாக அவர்களே வரட்டும்.

குளிர்சாதனப் பெட்டி பற்றி என்னிடம் பேசாதீர்கள், வயிறு எரிகிறது.

உங்கள் தம்பி,
யாகூப்

முஹர்ரக்,
9 அக்டோபர் 1984

அன்புத் தம்பிக்கு,

சலாம். சுகம். தைலத்துக்குப் பிர்கிட்டுக்கு நன்றி சொல். உன் வயிறு எரிந்தால் தயிர் குடி, இங்கே எங்களுக்கு உடம்பே எரிகிறது.

சபீகா சின்னம்மா தெரு வழியாக வர முடியாது. வாப்பாவுக்கும் முஹன்னாவுக்கும் சண்டை என்ற அளவுக்குத்தான் உனக்குத் தெரியும். நீ அப்போது பெய்ரூட்டில் படித்துக்கொண்டிருந்தாய். மற்றதெல்லாம் ஆண்பிள்ளைகள் காதில் விழாமல் பார்த்துக்கொண்டோம்.

மழைத் தூம்புதான் காரணம். வாப்பா மாடியில் அறை எடுத்தபோது மரத் தூம்பைத் திருப்பி வைத்தார். நம் ஊரில் மழை எத்தனை தடவை பெய்துவிடும்? பெய்த ஒரு தடவை, முஹன்னாவின் மஜ்லிஸ் கூடத்தில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து விருந்து சாப்பிடும்போது பெய்தது. தண்ணீர் நேராகச் சோற்றுத் தாம்பாளத்தில். சத்தம் கேட்டு வாப்பா அங்கே போக, வார்த்தை தடித்தது. அத்தனை பேர் முன்னால் முஹன்னா எழுந்து சத்தியம் பண்ணினார்: "இவன் வீட்டாள் யாரும் என் வாசலை மிதிச்சாலும் சரி, என் பொண்டாட்டி இவன் வாசலை மிதிச்சாலும் சரி, அன்னைக்கே அவ எனக்குத் தலாக்!"

சொன்ன வாய் மூடுவதற்குள் அவர் முகம் வெளுத்துப்போனதாம். வாப்பாவே சொல்லியிருக்கிறார். ஆனால் சொன்னது சொன்னதுதானே. மார்க்கம் படித்த ஆலிமிடம் போனால் பரிகாரம் உண்டு. போய் 'வருந்துகிறேன்' என்று சொல்ல வேண்டும். அது அவருக்கு வராது.

பொந்து வாசல் இல்லை, தம்பி. அதற்குப் படி இல்லை, கதவு இல்லை. அதனால் சத்தியம் அதைத் தொடவில்லை. முஹன்னாவுக்கு அது தெரியாது. அதாவது, தெரியாமல் இருப்பதற்கு அந்த மனிதர் படாத பாடுபடுகிறார். வீட்டுக்குள் நுழையும் ஆண்கள் உள்ளே பெண்களுக்குத் தெரியட்டும் என்று இருமுவது வழக்கம்தான், இவர் தெருமுனையிலேயே ஆரம்பித்துவிடுவார். அந்த இருமல் கேட்டதும் உம்மா பாதிக் காப்பியை வைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்துவிடுவாள். அந்த வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் அப்படித்தான்.

சின்னம்மாவுக்கு இப்போது கால் வீக்கம், இதயமும் சரியில்லை. கல்யாணம், காட்சி என்று எங்கும் போவதில்லை. பிள்ளைகள் அபுதாபியில். இரத்த உறவு இல்லாவிட்டாலும் கூடப்பிறந்தவள் மாதிரி, பிற்பகல் முழுக்க உம்மா அங்கேதான். அவளுக்கு வீடு வேண்டாம், கோபுரம் வேண்டாம், அந்தப் பொந்துதான் வேண்டும். ஒரு இடைவெளி விடு, போதும். இதைப் பற்றி யாரிடமும் பேசாதே.

அக்கா லுல்வா

கோபன்ஹேகன்,
1 நவம்பர் 1984

அன்புள்ள அக்கா,

சலாம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை. உங்கள் உடல்நலம் கேட்கக்கூட இப்போது பொறுமை இல்லை, மன்னியுங்கள்.

நான் எவ்வளவு பெரிய முட்டாள்! இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், என் வீட்டுச் சுவரிலேயே இருந்திருக்கிறது! முற்றமும் கோபுரமும் எல்லோரும் வரைவார்கள். ஆண்கள் உலகம் தெருவைப் பார்த்துக் கட்டப்பட்டது, பெண்கள் உலகம் சுவருக்குள்ளே சுவரைத் துளைத்துக்கொண்டு ஊர் முழுக்க ஓடியது. இதை எவன் வரைந்திருக்கிறான்?

கோபுரத்தை மேற்கே தள்ளிவிட்டேன். வடக்குச் சுவரில் அந்த இடத்தில் ஓர் உயர்ந்த வளைவு. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேச ஒரு நீண்ட கல் இருக்கை, பாதி நம் வீட்டில், பாதி அவர்கள் வீட்டில். மேலே கூரையில் ஒரு பிளவு, பிற்பகல் வெளிச்சம் சரியாக இருக்கையில் விழும். தேக்குச் சட்டம். உம்மாவும் சின்னம்மாவும் இனி குனிய வேண்டாம், ராணிகளைப் போல நிமிர்ந்து போகலாம். மொத்த வீடும் இப்போது அந்த வாயிலைச் சுற்றித்தான் நிற்கிறது. பிர்கிட் பார்த்துவிட்டு அழுதாள்.

இன்னொரு நல்ல செய்தி. பிப்ரவரியில் இங்கே ஒரு கண்காட்சி, என் வீட்டுக்கு ஒரு தனி அறை தருகிறார்கள். இத்தனை வருடமாக மற்றவர்களுக்குப் படிக்கட்டும் கழிப்பறையும் வரைந்துகொண்டிருந்தவனுக்கு, அக்கா!

காலம் வீணாக வேண்டாம் என்று புதிய வரைபடங்களை நேராக நகராட்சிக்கே அனுப்பிவிட்டேன். யாரிடமும் எதுவும் பேசவில்லை, கவலை வேண்டாம்.

மகிழ்ச்சியுடன்,
யாகூப்

முஹர்ரக்,
24 நவம்பர் 1984

யாகூபுக்கு,

சலாம். உம்மா சுகமாக இல்லை. நானும் இல்லை.

யாரிடமும் பேசவில்லை என்கிறாய். நகராட்சிக்குப் படம் அனுப்பியிருக்கிறாய்! பொதுச் சுவரில் வாசல் வைக்க வேண்டும் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்பது பட்டம் வாங்கிய உனக்குத் தெரியாதா? என் பள்ளிக்கூடத்து ஆயாவுக்குத் தெரியும்.

நடந்ததைச் சல்மீன் வந்து சொன்னார். அவரும் அங்கே இருந்தார். வெள்ளிக்கிழமை, முஹன்னாவின் மஜ்லிஸில் கூட்டம். நகராட்சிப் பொறியாளர், சின்னப் பையன், எகிப்துக்காரன், மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உன் படத்தைக் கம்பளத்தில் விரித்திருக்கிறான். காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் காப்பிக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள்.

"மாமா, இந்த வாசலுக்கு உங்க சம்மதம் வேணும். இங்க ஒரு கையெழுத்து."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மீன் ஏலக்காரர் புர்ஷைத் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "மாஷா அல்லாஹ், என்ன அழகா வரைஞ்சிருக்கான்! முஹன்னா, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல வாசலா? எப்பய்யா சமாதானம் ஆனீங்க? அப்ப அந்தச் சத்தியம் என்ன ஆச்சு?"

யாரோ சிரித்தார்களாம். முஹன்னா காதுவரை சிவந்துபோய், கிண்ணங்களைத் தானே எடுத்து, படத்தைச் சுருட்டி அந்தப் பையன் கையில் கொடுத்திருக்கிறார்.

"அங்க இருக்கறது சுவரு, தம்பி. வாசல்னு ஒண்ணு இல்ல. இருந்ததும் இல்ல."

மறுநாள் காலை அந்தப் பக்கம் கொத்தனாரின் கரணைச் சத்தம். உம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் ஓடிப்போய்ப் பொந்தில் குனிந்தாள். பாதிக்குமேல் கல் ஏறிவிட்டது. சின்னம்மா அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சபீகா, என்னடி சத்தம்?"

"ஒண்ணுமில்ல. சுவரு பூசறாங்க."

"எதுக்கு?"

"ஈரம்னு சொன்னாங்க."

"எப்ப முடியும்?"

"தெரியலடி. நீ உள்ள போ. சிமெண்ட் தண்ணி தெறிக்குது, கண்ணுல பட்டுடும்."

உம்மா கடைசிக் கல் வைக்கும்வரை அங்கேயே நின்றாள். ராணிகளைப் போல நிமிர்ந்து போகலாம் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

லுல்வா

கோபன்ஹேகன்,
11 டிசம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். உம்மாவின் உடல்நலத்துக்கு துஆ செய்கிறேன். நடந்ததற்கு வருந்துகிறேன், உண்மையாகவே.

ஆனால் எல்லாப் பழியும் என் தலையிலா? பத்தொன்பது வருடமாக ஒரு மனிதர் தன் வாய்க்கொழுப்பை விழுங்கமாட்டாமல் இருமிக்கொண்டு திரிகிறார். அவர் மானம் போகக்கூடாது என்பதற்காக இரண்டு கிழவிகள் பூனை மாதிரி ஓட்டையில் ஊர்ந்து போகிறார்கள். இதற்குப் பெயர் மரபா? அவர் ஆலிமிடம் போகட்டும், பத்து ஏழைக்குச் சோறு போடட்டும். அது முடியாதவருக்காக என் சுவர் பொய் சொல்ல வேண்டுமா?

நான் வரைந்தது உண்மையை. அந்த உண்மையை அவரால் தாங்க முடியவில்லை என்றால் கோளாறு படத்தில் இல்லை.

அவசரப்படாதீர்கள். மேல்முறையீடு செய்யலாம், நகராட்சிக்கு நான் விளக்கமாக எழுதுகிறேன். கொஞ்சம் பொறுத்தால் முஹன்னாவும் இறங்கி வருவார். இதற்கு நடுவில் சின்னம்மாவும் உம்மாவும் மாடிக் கைப்பிடிச் சுவரில் நின்று பேசலாமே?

உங்கள்,
யாகூப்

முஹர்ரக்,
28 டிசம்பர் 1984

தம்பி யாகூபுக்கு,

சலாம். மாடியில் நின்று பேசலாம் என்கிறாய். கால் யானைக்கால் மாதிரி வீங்கியவளை யார் மாடிக்குத் தூக்குவது? நீ வந்து தூக்குகிறாயா?

சின்னம்மா படுத்த படுக்கை. உம்மா பின்சுவரோடு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கத்துகிறாள். "சபீகா! மீன் குழம்பு வச்சேன்! புளி அதிகம்!" பதில் சில நேரம் கேட்கிறது, பல நேரம் கேட்பதில்லை. குழம்பைத் தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறார். அவர் காலை எந்தச் சத்தியமும் தடுக்கவில்லை.

இப்போது கவனமாகப் படி. நேற்று நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது முஹன்னா தெருவில் நின்றுகொண்டிருந்தார். என்னோடு அவர் பேசியதே இல்லை. இப்போதும் என்னைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உன் தம்பி பெரிய படிப்பு படிச்சவன்."

"ஆமா மாமா."

"அவன்கிட்ட சொல்லு. சுவரைச் சுவரா வரையச் சொல்லு. காகிதத்துல முழுச் சுவரு இருந்தா நான் கையெழுத்துப் போடுவேன், எல்லாரும் பார்க்கப் போடுவேன். அதுக்கப்புறம் கொத்தனாரு எந்த இடத்துல கல்லு வச்சான், எந்த இடத்துல வைக்க மறந்தான்னு தடவிப் பார்க்கிற வயசா எனக்கு?" போகத் திரும்பினார். "அவ சரியா சாப்பிடறதில்ல. தனியா இருந்தா சாப்பிட மாட்டா."

அவ்வளவுதான். போய்விட்டார். அந்த மனிதருக்கு இதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். நீ எழுதினாயே, இறங்கி வருவார் என்று. வந்துவிட்டார். பழைய படத்தை ரத்து செய்யாமல் அந்தச் சுவரில் கைவைக்க முடியாது என்று நகராட்சியில் சொல்கிறார்கள். ஒரு தாள் போதும். ஒரு நேர்கோடு போடு. வளைவு வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், பெயர் எழுத வேண்டாம். மறுதபாலில் அனுப்பு.

உன் அக்கா,
லுல்வா

கோபன்ஹேகன்,
22 ஜனவரி 1985

அன்பு அக்கா,

சலாம். இந்த அட்டையின் முன்பக்கம் இருப்பது கண்காட்சி நடக்கும் கட்டடம். மூன்று வாரமாக வீட்டுக்கே போகவில்லை, வீட்டின் மாதிரியை மரத்தில் செய்துகொண்டிருக்கிறோம். நடுநாயகமாக நிற்பது அந்த வாயில்தான். திறக்கும் நேரத்தில் அதை அடைத்து வேறு படம் கொடுத்தால் என்னை என்னவென்று நினைப்பார்கள்? கண்காட்சி பிப்ரவரி பதினைந்தில் முடிகிறது. அதுவரை பொறுங்கள், அப்புறம் நீங்கள் சொன்னபடி. உம்மாவுக்கு என் முத்தங்கள்.

யாகூப்

முஹர்ரக்,
3 பிப்ரவரி 1985

யாகூப்,

சலாம். சுகம் விசாரிக்க மனமில்லை.

முஹன்னா தினமும் சல்மீனிடம் கேட்கிறார், "படம் வந்துச்சா?" நானும் தினமும் தபால்காரன் முகத்தைப் பார்க்கிறேன். வந்தது ஓர் அட்டை, கட்டடப் படம் போட்டு!

உம்மா இப்போது என்ன துஆ கேட்கிறாள் தெரியுமா? சபீகாவுக்கு உடம்பு இன்னும் கொஞ்சம் மோசமாகட்டும், ஆஸ்பத்திரியில் சேர்க்கட்டும் என்று. ஆஸ்பத்திரி வாசல் சர்க்கார் வாசல், அங்கே போய்ப் பார்க்கலாமாம். கேட்டுவிட்டு, தானே வாயில் அடித்துக்கொள்கிறாள். சின்னம்மாவோ ஆஸ்பத்திரி வேண்டாம் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

சுவர் பொய் சொல்லக் கூடாது என்கிறாய். உன்னிடம் சுவர் உண்மை பேசுகிறதா என்று யார் கேட்டார்கள்? பார்த்தும் பார்க்காமல் இருப்பது உனக்குப் பொய். எங்களுக்கு அதுதான் மரியாதை. அந்த ஒன்றில்தான் இந்தத் தெருவே இத்தனை காலம் அடித்துக்கொண்டு சாகாமல் இருந்திருக்கிறது. நீ எங்கள் ஜன்னலை எடுத்துக்கொண்டாய், முற்றத்தை எடுத்துக்கொண்டாய், இதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு உன் வளைவு வேண்டாம். ஒரு சுவர் அனுப்பு.

லுல்வா

கோபன்ஹேகன்,
17 பிப்ரவரி 1985

என் அன்பு அக்காவுக்கு,

உங்கள் மீதும் உம்மா மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். நீங்கள் சுகம் விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிக்கிறேன். உம்மா சாப்பிடுகிறாளா? நீங்கள் தூங்குகிறீர்களா?

கண்காட்சி முடிந்தது. நிறையப் பேர் வந்தார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். கடைசி நாள் ஒரு வயதான அம்மாள் அந்த மரத்தாலான மாதிரியின்முன் வெகுநேரம் நின்றார். அந்த வாயிலில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இது வழியாக இப்போது யார் போய் வருகிறார்கள்?" என்று கேட்டார். 'யாரும் இல்லை, நான் வரைந்தபிறகு அடைத்துவிட்டார்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். காற்றோட்டம் பற்றி ஏதோ பேசினேன்.

அன்றே அறைக்குப் போய் வடக்குச் சுவரை வரைந்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு கோடு, நீங்கள் கேட்டது போல. மூலையில் என் பெயர்கூட இல்லை. இதை டிசம்பரிலேயே வரைந்திருக்கலாம், எழுந்து காப்பி போடுகிற நேரம்கூட ஆகவில்லை. ஆகாததுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

முஹன்னா மாமாவிடம் காட்டுங்கள். இடைவெளி எந்த அளவு வேண்டுமோ உம்மாவே நின்று சல்மீனுக்குக் காட்டட்டும். ரமலானுக்கு வருகிறேன், நிச்சயமாக வருகிறேன். சபீகா சின்னம்மாவுக்கு என் சலாமைச் சொல்லுங்கள். நோன்புக் கஞ்சியை அந்தப் பொந்து வழியாக எனக்கு நீட்டச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
யாகூப்

முஹர்ரக்,
4 மார்ச் 1985

அன்புத் தம்பி யாகூபுக்கு,

வ அலைக்கும் சலாம். நான் சுகம். உம்மாவும் இருக்கிறாள்.

உன் சலாமைச் சொல்ல முடியவில்லை. சபீகா சின்னம்மா பிப்ரவரி இருபதாம் தேதி விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிவிட்டார்கள். இன்னா லில்லாஹி. உன் கடிதம் இருபத்தேழாம் தேதி வந்தது. உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. திட்டியதெல்லாம் முன்னாலேயே திட்டித் தீர்த்துவிட்டேன்.

அன்று மாலை உம்மா அபாயாவை எடுத்து மாட்டிக்கொண்டு, "வா, போவோம்" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. அவள்தான் சொன்னாள்: "இப்ப போகலாம்டி. இனிமே அவளை யாரு தலாக் சொல்லப் போறா?"

தெரு வழியாக நடந்தோம். முஹன்னா வீட்டுப் படியில் உம்மா காலை வைக்கப் பயந்தாள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வீட்டின் முன்பக்கத்தை அவள் பார்த்து இத்தனை வருடம் ஆகிவிட்டதா, உள்ளே எந்தப் பக்கம் திரும்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்கட்டில் ஊசி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்தவள், கூடத்தில் திகைத்து நின்றாள்.

பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தம்மாமிலிருந்து வந்த முஹன்னாவின் தங்கைதான் நடுவில் இருந்து எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தாள். உம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். வாசலுக்குப் பக்கத்தில், சும்மா முகம் தெரிந்தவர்கள் வந்தால் உட்காருகிற இடத்தைக் காட்டினாள். காப்பி கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவளே குனிந்து கேட்டாள்.

"நீங்க யாரு? எங்க அண்ணிக்கு என்ன வேணும்?"

உம்மா கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. வருஷா வருஷம் ரெண்டு பெருநாளுக்கும் நான் இங்க வர்றவ. உங்களை இந்த வீட்டுல ஒரு நாளும் பார்த்ததில்ல, அதான் கேட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். உம்மா என் தொடையில் கைவைத்து அழுத்தினாள்.

"பக்கத்து வீடு" என்றாள். "கேள்விப்பட்டு வந்தேன்."

"நல்லா இருப்பீங்க. அல்லாஹ் நற்கூலி தருவான்."

அதற்குமேல் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. நடுவில் யார் யாரோ ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். உம்மா காப்பிக் கிண்ணத்தைப் பிடித்தபடி நேராக உட்கார்ந்திருந்தாள், பிறகு எழுந்து, முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. தெருவில் வரும்போது, "அத்தனை பேரு முன்னாடி, முன்னப்பின்ன தெரியாதவ மாதிரி உட்கார்ந்துக்கிட்டு, நான் எந்த முகத்தோடடி அழறது?" என்றாள்.

உன் படத்தை முஹன்னாவிடம் காட்டினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மஜ்லிஸில் அல்ல, தெருவிலேயே, என் பள்ளிக்கூடப் பேனாவை வாங்கிப் போட்டார். நகராட்சியும் முத்திரை குத்திவிட்டது. சல்மீன் நேற்று வந்து, எந்த இடத்தில் எவ்வளவு விட வேண்டும் என்று உம்மாவிடம் கேட்டார். அவள் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். படத்தில் இருக்கிறபடியே முழுச் சுவராக எழுப்பச் சொல்லிவிட்டேன்.

பிர்கிட்டுக்கு எங்கள் சலாம். ரமலானுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், வா. உனக்கு மாடி அறையை ஒழித்து வைக்கிறேன்.

உன் அக்கா,
லுல்வா